கடவுச்சொல் தவறு

அக்காவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்த வாரம், துணைக்காக அடையாறில் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் வேலை. கோப்புகள் எல்லாம் மயிலாப்பூரில், என் வீட்டுக் கம்ப்யூட்டரில். லேப்டாப்பிலிருந்தே அதற்குள் நுழைந்து வேலை பார்க்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். முதல் நாள் ஒழுங்காக நடந்தது. மறுநாள் காலை, கடவுச்சொல் தவறு என்றது. மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் தவறு.

அக்காவின் கணவர் பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூடத் தெரியாது. என் லேப்டாப்பில் கோளாறு என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உன் ரவுட்டர்தான் பிரச்சனை," என்றார், திரையைப் பார்க்காமலே.

"பாஸ்வேர்டு கேக்கற வரைக்கும் போகுதே மாமா. ரவுட்டர் வேலை செய்யலைன்னா அது எப்படி வரும்?"

"இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

முப்பது வருடம் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே சம்பளம் வாங்கியிருப்பார் போல.

என் வீட்டுச் சாவி, வீட்டு வேலைக்கு வந்து செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றும் அம்மாவிடம் இருந்தது. அவருக்குப் போன் செய்து, ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னேன்.

"எல்லா லைட்டும் நல்லாத்தான் எரிஞ்சிக்கினு கீது. இன்னாத்துக்கு ஆஃப் பண்ணணும்?" என்றார். அன்று முழுவதும் என் காதில் விழுந்த ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

மூன்று முறை அணைத்துப் போட்டார், பாவம். அப்படியும் நடக்கவில்லை. இணையம் தரும் கம்பெனிதான் மோசம் என்றார் மாமா. பிறகு, அந்தப் பழைய கம்ப்யூட்டரையே தூக்கிப் போடச் சொன்னார். பிறகு சாப்பிடப் போனார்.

அவர் நகர்ந்ததும், கடவுச்சொல்லை மீண்டும் அடித்து, பக்கத்திலிருந்த கண் படத்தை அழுத்திப் பார்த்தேன். கறுப்புப் புள்ளிகள் விலகின. உள்ளே தமிழ் எழுத்துகள்! முந்தைய நாள் தமிழில் அடித்துவிட்டு, விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றாமல் விட்டிருக்கிறேன். என் மடத்தனம்தான். மாற்றி அடித்தேன், திறந்துகொண்டது.

மாமா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பாத்தியா? ரீஸ்டார்ட் பண்ணதும் சரியாயிடுச்சு."

காரணத்தைச் சொன்னேன்.

"கம்ப்யூட்டர்ல தமிழையெல்லாம் எதுக்கு ஏத்தி வெக்கற?" என்றார்.

நான் வடிவமைக்கும் புத்தகங்கள் எந்த மொழியில் வருகின்றன என்று இருபது வருடமாக அவர் கேட்டதில்லை. இனிமேலும் கேட்கப் போவதில்லை. மூன்று மணிக்குள் பக்கங்களைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் பால்கனியில் நின்று யாரிடமோ போனில், மச்சினியின் கம்ப்யூட்டரைத் தான் சரிசெய்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அதற்கும் ஒரு விளக்கம் கேட்க வேண்டிவரும்.