தோள் தையல் விட்ட கறுப்புக் கவுன்

கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுவது கண்ணைத் தின்கிற வேலை. வக்கீல் கவுன் தைக்கிற எல்லாருக்கும் இது தெரியும். இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்து அறை. என் மடியில் செலின் வக்கீலம்மாவின் பழைய கவுன் தோள் தையல் விட்டுக் கிடக்கிறது. நாலு தையல் போடுகிறேன், அளவு நோட்டின் பின்பக்கத்தில் ரெண்டு வரி எழுதுகிறேன். எங்கள் மகளிர் குழுவின் கையெழுத்து இதழுக்கு இந்த மாதம் என் முறை. மிஷின் மிதிக்கிற அக்காமாரே, தங்கச்சிமாரே, கடையில் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

வெளியே விழா நடக்கிறது. சட்டக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நம்ம மாவட்டத்து வக்கீல்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். தொழிலிலும் ஊர்க் காரியத்திலும் பேர் வாங்கின நாலு பேரை வருஷத்துக்கு ஒருமுறை மேடையேற்றிப் பொன்னாடை போடுவார்கள். இந்த வருஷம் அதில் ஒருவர் செலின் வக்கீலம்மா. மற்ற மூன்று பேரைப் பற்றிப் பேசப் பெரிய பெரிய ஆட்கள் வந்திருக்கிறார்கள். இவர் மட்டும் என் பேரைக் கொடுத்துவிட்டார். அழைப்பிதழிலும் அடித்துவிட்டார்கள். நான் ஏறாவிட்டால் இவரைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. சிலிண்டர் கொண்டுவருகிற அண்ணனிடம் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் வேர்த்துப்போகிறவள் நான்.

உள்ளே விட்ட துணி

கடையில் சேர்ந்த புதிதில் நெய்யூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் புதிதாக வக்கீலாகப் பதிவு செய்யப் போகிறான். மீசை எல்லாம் உண்டு. கறுப்புக் கோட்டுக்கு நான் அளவெடுக்கையில் அந்த அம்மா டேப்பைப் பிடித்து நிறுத்தினார். ரெண்டு பக்கமும் நாலு விரல் துணி உள்ளே மடக்கி வைக்கணுமாம், பள்ளிக்கூட யூனிபார்மில் வைப்பதுபோல.

கடைக்காரர் சுகந்தி அக்கா சிரித்துவிட்டாள். "பையன் வளர்ந்தாச்சுல்லா அம்மா, இனி என்னத்துக்கு?" என்றாள். பையன் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அம்மா விடுவதாக இல்லை.

"உயரம் இனி வளராதுன்னு எனக்கும் தெரியும் மக்களே. ரெண்டு கேஸ் ஜெயிச்சா வயிறு வளருமில்லியா?"

கடல்தண்ணியில் முக்கின கவுன்

தேங்காய்ப்பட்டணத்துப் பையன் ஒருவன், வக்கீலாகி ரெண்டு மாதம், தைத்து வாங்கின கவுனைத் திரும்பக் கொண்டுவந்தான். தையலில் ஒரு குறையும் இல்லையாம். புதுசாகத் தெரிகிறதாம், அதுதான் குறை. "புதுக் கவுனக் கண்டா கட்சிக்காரன் அடுத்த மேஜைக்குப் போயிருதான் அக்கா. இதக் கொஞ்சம் பழசாக்கித் தரணும்" என்றான். பழசைப் புதுசாக்கத்தான் எங்களுக்குத் தெரியும். சுகந்தி அக்கா, மொட்டை மாடி வெயிலில் போடு என்று சொல்லி அனுப்பினாள்.

யார் பேச்சைக் கேட்டானோ, கடல்தண்ணியில் முக்கி, துறைமுகத்துச் சுவரில் காயப் போட்டிருக்கிறான். அடுத்த வாரம் வந்தபோது கவுன் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கை மடிப்பில் ரெண்டு மீன் செதில். நாற்றம் கடை வாசலுக்கு வந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கப் போனேன். அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"உப்பு மட்டும் போனா மதி அக்கா, மணம் போகாண்டாம். நம்ம ஆளுன்னு சொல்லி மீன்புடி வள்ளக்காரங்க ரெண்டு பேரு கேஸ் தந்திருக்காவ!"

கத்தரிக்கோலுக்கு அடியில்

செலின் வக்கீலம்மாவின் கவுனைப் பழசாக்க யாரும் மெனக்கெட வேண்டாம். கறுப்பு வெளுத்து ஒருமாதிரிப் பாசி நிறம் ஆகிவிட்டது. எட்டு இடத்தில் ஒட்டு. சனிக்கிழமை தோறும் மீன் ஏலம் முடிந்ததும் ஏலக்கூடத்திலேயே உட்கார்ந்து, கேட்கிற பெண்களுக்கெல்லாம் சும்மா மனு எழுதிக் கொடுப்பார். கோடை லீவு முடிந்து கோர்ட் திறக்கிற வாரம் கடைக்கு வந்து ஒரு ஒட்டுப் போடச் சொல்லுவார்.

அப்படி ஒருநாள் வந்தபோது என் கத்தரிக்கோலுக்கு அடியில் ஒரு கடிதாசி கிடந்தது. இங்கிலீஷ். நான் ஏழாம் கிளாஸோடு நின்றவள். கோர்ட்டிலிருந்து வந்தது என்கிற மட்டும் தெரியும். நானும் வீட்டுக்காரரும் பிரிந்து அப்போது ஆறு மாதம். மகளுக்கு ஒன்றரை வயசு. பத்து நாளாக யாரிடமும் காட்டாமல் கத்தரிக்கோலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தேன். "இது ஆருக்குள்ளது?" என்று வக்கீலம்மா கேட்டார். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். நின்றபடியே வாசித்தார். பிள்ளையை அப்பா வீட்டில் விடணும் என்று கேஸ்.

"எனக்க கவுன் பைய தச்சா மதி பிள்ளே, அவசரமில்ல. இதுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடணும்."

கிழிந்த சத்தம்

வீட்டுக்காரர் தரப்பு மனுவில் என்மேல் மூன்று குற்றம் சொல்லியிருந்தார்கள். படிப்பு இல்லை. வருமானம் இல்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாது. மூன்றாவது உண்மை. ரெண்டாவதுக்கு சுகந்தி அக்காவின் கடையிலிருந்து ஒரு கடிதம் வைத்தோம். அது ஜோடித்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார். அதனால் நீதிபதி ஐயா என்னிடமே கேட்டார், என்ன வேலை செய்கிறாய் என்று. மூன்று தடவை கேட்டார். மகள் இடுப்பில் இருந்தாள். "பாருங்க ஐயா, இவங்களா பிள்ளை வளர்ப்பாங்க?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

முன்னால் நின்ற வக்கீலம்மாவின் கவுன் நுனியைப் பயத்தில் இறுக்கிப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். தோளில் 'டர்' என்று கிழிந்தது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயோ, நான் தச்சுத் தாறேன் அம்மா" என்றேன். என் வாயில் அன்றைக்கு வந்த முதல் பேச்சு. நீதிபதி ஐயா பேனாவைக் கீழே வைத்தார். "கவுன் தைக்கத் தெரியுமா? எப்படித் தைப்பே, சொல்லு" என்றார்.

தையலைப் பற்றிக் கேட்டால் எனக்கென்ன? கழுத்துக்குப் பின்னால் சுருக்கு வைப்பது, தோளில் இரட்டைத் தையல், வாரத்துக்கு எத்தனை முடிப்பேன், எல்லாம் சொன்னேன். கவுன் நுனி இன்னும் என் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்தே பேசினேன். கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீலையும் காட்டினேன். "இவரு போட்டிருக்கதும் நான் தச்சதுதான் ஐயா. கை மடிப்புக்கு உள்ள வரிசையா மூணு முடிச்சு கிடக்கும், அது நான் போடுறது." அவர் கையை மடக்கிப் பார்த்தார். மூன்று முடிச்சும் இருந்தது. நீதிபதி ஐயா சிரித்துவிட்டார்.

"வக்கீல் சார், அவங்களுக்கு வேண்டிய சாட்சியத்தை நீங்களே உடுத்திட்டு வந்திருக்கீங்களே!"

இன்றைக்குக் காலையில்

மகள் என்னோடுதான் இருக்கிறாள். இப்போதும் காலடியில் உட்கார்ந்து என் மார்க்கிங் சாக்பீஸால் தரையில் கோடு போடுகிறாள். அன்றைக்குக் கிழிந்த தோளை நான்தான் தைத்தேன். அதற்கப்புறம் வக்கீலம்மா வேறு கவுன் போட்டதில்லை. இந்த விழாவுக்குப் போட்டோவில் ஒன்றுபோல இருக்கட்டும் என்று நாலு பேருக்கும் சங்கத்தார் புதுக் கவுன் தைக்கச் சொன்னார்கள், அதையும் நான்தான் தைத்தேன்.

விழாவுக்கு வருவதாக எனக்கு எண்ணம் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று சுகந்தி அக்காவிடம் பொய் சொல்லிவைத்தேன். காலையில் அக்கா போன் பண்ணினாள். வக்கீலம்மா புதுக் கவுனைப் போடமாட்டேன் என்று அடம் பிடிக்கிறார், பழசில் தோள் தையல் விட்டுப்போயிற்று, ஊசி நூலோடு ஓடி வா என்றாள். வேலை என்றால் வராமல் இருக்க முடியுமா? மகளையும் இடுக்கிக்கொண்டு வந்தேன்.

வந்து கவுனைத் திருப்பிப் பார்த்தேன். இரட்டைத் தையல், என் கைத்தையல். அது தானாக விடாது. இழுத்துக் கிழிந்திருந்தால் நூல் முனை பிசிறியிருக்கும். இதில் முனை எல்லாம் ஒரே அளவில், பிளேடால் நறுக்கினதுபோல நின்றது. நான் மெதுவாக, "இது விட்டது இல்லியே அம்மா, வெட்டுனதுல்லா?" என்று கேட்டேன். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இருக்கலாம். அத உன்னால மேடையில ஏறி நிரூபிக்க முடியுமா?"

ஆக, இந்தத் தொழிலில் நான் கண்டது என்னவென்றால், வக்கீலுக்குக் கவுன் தைக்கப் போகிறவள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது,

"ஏட்டி பிந்து! மைக்குல உனக்க பேரு ரெண்டு மட்டம் சொல்லியாச்சு. என்னத்த எழுதிட்டு இருக்க? எழும்பி வா!" சுகந்தி அக்கா வாசலில் நிற்கிறாள். தையல் இன்னும் அரை முழம் பாக்கி. ஊசி குத்தினபடியே கவுனைக் கையோடு எடுத்துக்கொண்டு மேடைக்கு