கதவு வைத்த பழைய ரீவி தேவை

ஓய்வு பெற்றுத் திருகோணமலைக்குத் திரும்பி வந்த சில மாதங்களில், வாராந்த விளம்பரப் பத்திரிகை ஒன்றின் 'தேவை' பகுதியில் நான் மூன்று வரி போட்டேன். "கதவு வைத்த பழைய ரீவி தேவை. மரப்பெட்டியாக இருக்க வேண்டும். வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை." அதையே கையால் எழுதி, போட்டோக்கொப்பி எடுத்து, துறைமுகப் பக்கத்துப் பலசரக்குக் கடைகளிலும் பேருந்து நிலையத்துத் தேத்தண்ணிக் கடையிலும் ஒட்டினேன். கேட்டவர்களுக்கெல்லாம் பழைய சாமான் சேர்க்கிறேன் என்று சொன்னேன். அது பொய்.

அழைப்புகள் வந்தன. பாலையூற்றில் ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டியின் உட்பாகங்களைக் கழற்றிவிட்டு மீன் வளர்த்துக்கொண்டிருந்தார். குச்சவெளியில் ஒரு அம்மா கோழிக் கூட்டைக் காட்டினார். "சுனாமி வந்த நேரம் மூண்டு நாள் தண்ணிக்குள்ள கிடந்தது. பெட்டி மட்டும் உக்கேல்லை. அதுக்குள்ளதான் இப்ப கோழி அடைகாக்குது" என்றார். இரண்டிலும் கதவு இல்லை. நான் தேடியது இழுத்து மூடும் இரண்டு மரக்கதவுகள் வைத்த, நாலு கால் ரீவி. ஒரு காலத்தில் எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒன்றுதான் இருந்தது. அது எதிர்வீட்டு அக்காவின் ரீவி.

சண்டை ஊருக்குள் வந்த நேரம் அக்காவும் புருசனும் மகளும் படகேறி இந்தியாவுக்குப் போனார்கள். போகும்போது ரீவியைப் படுக்கை விரிப்பால் சுற்றி எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். எங்களுடையது கல்வீடு. அப்பா அதைக் குசினிக்குப் பின்னால் விறகுக் குவியலுக்குள் ஒளித்து வைத்தார். சில கிழமைகளில் நாங்களும் ஓடிப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கினோம். அக்காவின் தம்பி மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. அவர்தான் இரண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டார். கள்ளர் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, அவர் அக்காவுக்குக் கடிதம் எழுதினார்: உன்ர ரீவி மட்டும் தப்பியிட்டுது, விறகுக்குள்ள பத்திரமா இருக்கு.

அந்தக் கடிதம் போன அதே மாதம், அடையாள அட்டையை எடுக்க நான் தனியாக வீட்டுக்கு வந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. பெரிய வீதியில் ஒரு லொறிக்காரன் வெறும் வீடுகளின் சாமான்களை வாங்கிக்கொண்டிருந்தான். விறகை விலக்கி ரீவியை அவனுக்கு விற்றேன். அந்தக் காசில் கொழும்புக்குப் போனேன். அப்பா அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா அகதி முகாமிலிருந்து திரும்பி வரப் பல வருடம் சென்றது. புருசன் அங்கேயே இறந்துவிட்டார். வந்தவர் தம்பியிடம் கடிதத்தை நீட்டினார்.

"கள்ளர் எடுக்கேல்லை எண்டு நீதானே எழுதினனி? அப்ப ஆர் வித்தது?"

தம்பி கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். அக்கா நம்பவில்லை. அன்றோடு தம்பியுடன் கதைப்பதை நிறுத்தினார். ஒழுங்கைச் சனமும் அவரை ரீவிக்கள்ளன் என்றது. அவர் திரியாயில் கலியாணம் கட்டி அங்கேயே போய்விட்டார். நான் ஊருக்குத் திரும்பிய மாதம் அவர் காலமானார். அக்கா செத்தவீட்டுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த விளம்பரம்.

என் எண்ணம் இதுதான். அதே போல ஒரு ரீவியைத் தேடிப் பிடித்து, இதுதான் உங்களுடையது, எங்கோ ஒரு வீட்டில் கிடந்தது என்று அக்காவிடம் கொடுப்பது. தம்பி எடுக்கவில்லை என்று அவர் நம்புவார். என் பெயரும் வெளியே வராது. அப்போது அது எனக்கு நல்ல காரியமாகவே பட்டது.

ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்த அழைப்பு கிண்ணியாவிலிருந்து. ஒரு வயதான முஸ்லிம் பெரியவர். "தம்பி, கதவு ரெண்டும் நல்லா இழுபடுது. படம் மட்டும் வராது" என்றார். போய்ப் பார்த்தேன். அதே கால்கள், அதே கதவுகள். அவருடைய தகப்பன் புதிதாகக் கடையில் வாங்கிய ரீவி அது. பெட்டியைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றும்போது, "கவனமா வச்சிருங்க, வாப்பா ஆசையா வாங்கினது" என்றார். நான் தலையாட்டினேன்.

அக்காவின் ரீவியில் ஒரு அடையாளம் இருந்தது. மகள் சின்னவளாக இருந்தபோது இடப்பக்கக் கதவைச் சாம்பிராணிக் குச்சியால் சுட்டிருந்தாள். அடுத்த நாள் காலை நான் ஒரு குச்சியைக் கொளுத்தி, அதே இடத்தில் கதவைச் சுட்டேன். புதுச் சூடு என்று தெரியாமலிருக்கத் தேத்தண்ணிச் சாயத்தைத் தடவித் துடைத்தேன். பிறகு வழக்கம்போலக் காலைச் சாப்பாடு சாப்பிட்டேன். அதை இப்போது நினைக்கத்தான் பயமாக இருக்கிறது.

மறுநாள் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அக்கா வாசலுக்கு வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தது. கதவைத் தடவிக்கொண்டே போன விரல் அந்தச் சூட்டில் நின்றது.

"ஐயோ, இது எங்கட ரீவியெல்லோ! பிள்ளை சுட்டது. என்ர மனுசன் அண்டைக்கு அவளுக்கு அடிச்சவர். எங்க கிடந்தது?"

"கிண்ணியாவில அக்கா. அந்தாள் ஒரு லொறிக்காரனிட்ட வாங்கினதாம்."

"அப்ப என்ர தம்பி விக்கேல்லை."

"இல்லை அக்கா. அவர் விக்கேல்லை."

அக்கா கதிரையில் போய் அமர்ந்தார். பிறகு வாய்விட்டு அழத் தொடங்கினார். தம்பியைக் குழந்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். நான் வந்த காரியம் முடிந்திருந்தது. எழும்பிப் போயிருக்கலாம். அழுகைக்கு நடுவில் அவர் நிமிர்ந்து கேட்டார்.

"லொறிக்காரனுக்கு ஆர் குடுத்தது?"

பதில் என்னிடம் தயாராக இருந்தது. இரண்டாம் முறை வந்த கள்ளர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் அக்கா."

அவர் அழுகையை நிறுத்தினார்.

"எதுக்கு?"

"கொழும்புக்குப் போறதுக்கு."

"அவன் கற்பூரம் அணைக்கேக்க நீ எங்க நிண்டனி?"

அந்த வருடத் திருவிழாவுக்கு நான் விடுமுறையில் வந்திருந்தேன். "உங்களுக்குப் பின்னால நிண்டனான்" என்றேன்.

"அப்ப இந்தச் சூடு?"

"நேற்று நான் சுட்டது."

அக்கா கையைச் சேலையில் துடைத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "திரியாய்க்குப் போ. அவன்ர பெண்சாதியிட்டச் சொல்லு. இதையும் தூக்கிக்கொண்டு போ."

ரீவியைத் திருப்பி என் வீட்டில் இறக்கினேன். அடுத்த நாள் கரையோர வீதிப் பேருந்தில் திரியாய்க்குப் போனேன். தம்பியின் மனைவி முற்றத்தில் கச்சான் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைத் தெரியாது. ஆரென்று சொன்னதும், "இருங்கோ" என்று கதிரை போட்டார். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கச்சானைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"அவர் இருக்கேக்க வந்திருக்கலாமே."

"பயமா இருந்தது."

"ஆருக்குப் பயம்? அவர் ஒருத்தருக்கும் கை ஓங்காத மனுசன்." கச்சானை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "இந்த வீட்டில ரீவி வாங்க விடேல்லை, தெரியுமோ? பிள்ளையள் அழுதும் விடேல்லை. பக்கத்து வீட்டில போய்ப் பாத்திட்டு வந்தால் சாப்பிடாமல் படுத்திடுவார். கடைசியா ஆசுபத்திரியில கிடக்கேக்க, அக்கா வந்திட்டாவோ, அக்கா வந்திட்டாவோ எண்டு கேட்டவர். வாறா எண்டு நான் பொய் சொன்னனான்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை உதறி எழும்பினார்.

"என்னட்டக் கேட்டு என்ன செய்ய? கடைசி பஸ் நாலு மணிக்கு. வெளிக்கிடுங்கோ."

தேத்தண்ணி தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பேருந்துக்கு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பியின் ஆண்டுத் திவசம் வந்தது. அக்கா திரியாய்க்குப் போனார். அவருடைய மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். படலைக்குள்ளே கால் வைக்க முடியாமல் அக்கா வெளியிலேயே நின்றாராம். தம்பியின் மனைவி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாராம். அக்கா தம்பியின் படத்துக்கு முன்னாலேயே அமர்ந்திருந்தாராம். படையல் சோற்றையும் தொடவில்லையாம்.

"அம்மா அண்டையிலிருந்து சரியாச் சாப்பிடுறதில்லை, மாமா" என்றாள் அவள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்கள் இனி வீட்டுப் பக்கம் வரவேண்டாமாம்."

"ஓம் பிள்ளை" என்றேன். அவள்தான் முதலில் தொலைபேசியை வைத்தாள்.