மாத்திரைக்கு முந்திய கை

என் மகனின் வலது கையைத் தூக்கினால் அது அங்கேயே நின்றுவிடும். சட்டை போட்டுவிடத் தூக்குவேன். பொத்தான்களை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் கை இன்னும் காதோரம் நிற்கும். நான்தான் பிடித்து இறக்க வேண்டும். வாய் மட்டும் ஓயாது. ஒன்றுமில்லாததை மென்றுகொண்டே இருப்பான். உதடு குவியும், நாக்கு வெளியே வந்து போகும். யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று பெங்களூர் வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்குத் திரும்பிய மறுவருஷம் அது. அதுவரை மனநோய்க்கென்று ஒரு மாத்திரைகூட அவனுக்குள் போனதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் நம்பவில்லை.

மாத்திரையைத் தடுத்தவர் என் அண்ணன். போலீஸில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் வீட்டில் தாய்மாமன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. தனக்கு நோயே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மகனுக்கும் அது வசதியாகப் போயிற்று.

"கோட்டி புடிச்சு மாத்திரை போட்டவன் ஒருத்தனும் நேரா நடந்து நான் பாத்ததில்லட்டி. கை கோணி, வாய் கோணி... நம்ம பயலுக்கு அது வேண்டாம். சூடு தலைக்கு ஏறியிருக்கு, அவ்வளவுதான். சாரல் விழுதுல்லா, குத்தாலத்துல கொண்டுபோய் நிறுத்துவோம்."

"இப்பவே வாய் கோணித்தானே அண்ணே இருக்கு?"

"அது பழக்கம்."

அருவியில் நிறுத்தினார்கள். நான் தடுப்புக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். யாரோ அவன் கையைத் தூக்கிப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். விட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. தலைக்கு மேல் அருவி, உயர்ந்த கை, மெல்லும் வாய். உடம்பெல்லாம் எண்ணெயோடு நின்ற ஒருவர் விலகிக் கும்பிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் கும்பிட்டார்கள். வெளியே கூட்டிவந்த பிறகும் ஒருவர் பின்னாலேயே வந்தார். "சாமி, மகளுக்கு வரன் அமையுமா, ஒரு வாக்கு சொல்லுங்க."

சாமியா? என் பிள்ளை குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். கண்ணில் பயம். கும்பிட இத்தனை பேர் இருந்தார்கள், ஒரு துண்டு நீட்ட ஆளில்லை. அவன் அருவியில் நின்றதை அண்ணன் வீடியோ எடுத்து, "மருமகனுக்கு அருள் இறங்கியிருக்கு" என்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டார். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன.

சில நாளில் அவன் சாப்பாட்டையும் நிறுத்தினான். வாயருகே கொண்டுபோன கவளம் கையிலேயே காய்ந்தது. அண்ணனிடம் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"என்ன மாத்திரைம்மா குடுத்துட்டிருந்தீங்க?" என்றார் நர்ஸ்.

"ஒண்ணும் குடுக்கல."

"மறைக்காதீங்க. வாயப் பாத்தாலே தெரியுதே."

வீட்டில் மாத்திரை கொடுக்கவிடவில்லை. இங்கே, கொடுத்துவிட்டு மறைக்கிறேன் என்கிறார்கள். இரண்டு பக்கமும் என் பிள்ளையின் வாயைப் பார்த்தார்கள். நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

டாக்டர் அவன் கையைத் தூக்கிவிட்டு, அது இறங்காமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மருந்தாலயும் இப்படி வரலாம்மா. ஆனா மருந்தையே பாக்காதவங்களுக்கும் வரும், நோயே இதைச் செய்யும். இவருக்கு இது முன்னாடியே இருந்ததுன்னு குறிச்சு வைக்கேன். பின்னாடி எது எதனால வந்ததுன்னு தெரியணும்லா."

நோயே இதைச் செய்யும் என்பது தெரியாமல்தான் என் பிள்ளையை அருவியில் நிறுத்திக் கும்பிட்டார்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகு கை இறங்கியது. சோறு தின்றான். வாய் மட்டும் லேசாக மென்றுகொண்டிருந்தது. அப்போதுதான் அண்ணன் வந்தார். மகன் சாப்பிட்டுவிட்டு உள்ளங்கையில் மாத்திரையோடு உட்கார்ந்திருந்தான்.

"பாத்தியாட்டி, மாத்திரை வேலையக் காட்டுது. வாயப் பாரு, ஆடு அசை போடுத மாதிரி. ஏலே, அதத் தூரப் போடுலே."

மகன் கையை மூடிக்கொண்டான். இன்று நிறுத்தினால் மறுபடி அந்தக் காய்ந்த கவளம்தான்.

செல்போனை எடுத்து அருவி வீடியோவைத் தேடி அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"யாருண்ணே எடுத்தது இது?"

"நான்தான்."

"இதுல வாய் என்ன செய்யுது? அப்ப எந்த மாத்திரை போட்டிருந்தான், சொல்லுங்க."

"அது... தண்ணி குளிரு."

"அன்னைக்கு அருள்னீங்க."

மகன் போனை வாங்கிப் பார்த்தான். தன்னை அவன் வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. "எம்மா, இவங்க எதுக்குக் கும்பிடுதாங்க?"

அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "உனக்கு ரொம்பத் தெரிஞ்சுபோச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

மகன் வீடியோவை இன்னொரு தடவை ஓட்டினான். பிறகு மூடியிருந்த கையைத் திறந்தான். வியர்வையில் மாத்திரை கொஞ்சம் கரைந்திருந்தது. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். விழுங்கினானா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அந்த வாயை எல்லோரும் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று.