துரையின் மோட்டார் சைக்கிள் விட்ட புகை

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் ஸ்டோரிலேயே கிடந்தது. ஜப்பான்காரர்கள் தோட்டத்துக்கு வந்ததும் அவர்களுடைய அதிகாரி அதைப் பார்த்துவிட்டான். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்க நான் ஒருவன்தான் இருந்தேன். இஞ்சினைப் பிரித்து, துருவைத் தேய்த்து, பழைய லோரியிலிருந்து எடுத்த பிஸ்டன் வளையங்களை அராவிப் பொருத்தி, மறுபடி கட்டினேன். ஓடியது. ஆனால் பின்னால் நீலமாகப் புகை விட்டது.

“பாஞாக் அசாப்!” புகை அதிகம் என்று அதிகாரி மலாயில் கத்திக்கொண்டே கன்னத்தில் அறைந்தான். வலித்ததா என்று நினைவில்லை.

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. அப்போது இஞ்சின் எண்ணெய் ஏது? செம்பனை எண்ணெயைத்தான் ஊற்றினோம். அது எரியும்போது பலகாரம் சுடுகிற வாசம். மரவள்ளிக் கிழங்கையே தின்றுகொண்டிருந்த லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் வெளியே வந்து நின்று மோந்தார்கள்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்னை ஓரமாக அழைத்தார். “நாளைக்கும் பொகைஞ்சா உன்னையும் சயாமுக்கு அனுப்பிடுவானாம். வளையம் சரியில்லையா?”

ரயில் பாதை போட என் தம்பியை ஏற்கெனவே சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

“பாத்துட்டுச் சொல்றேன் ஐயா.”

பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, மாட்டி உதைத்தேன். வளையம் தேய்ந்திருந்தால் அந்த எண்ணெய் இடைவெளியை அடைத்து, காலுக்குக் கனம் கூடும். கூடவில்லை. வளையத்தில் குறையில்லை. கீழே ரிங்லெட் ஊர்ப் பக்கம் ஓட்டிப்போனேன். கைப்பிடி முறுக்கை விட்டுச் சரிவில் இறங்கும்போது புகை இல்லை. கீழே போய் முறுக்கியதும் பொங்கிக்கொண்டு வந்தது. அப்படியானால் சரிவில் இஞ்சின் உறிஞ்சும்போது எண்ணெய் மேலிருந்து இறங்கித் தேங்குகிறது. வால்வுத் தண்டு ஏறியிறங்கும் குழல் தேய்ந்து அகன்றிருந்தது.

நின்றுபோன தேயிலை உருட்டும் இயந்திரத்திலிருந்து வெண்கலத் துண்டு ஒன்றைக் கழற்றிப் புதுக் குழல் கடைந்தேன். அதை அடித்து இறக்கி, வால்வை அதன் இருக்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அடுத்த தோட்டத்துக்காரன் ஒருவன் வாசலில் நின்றான். சயாமிலிருந்து தப்பி வந்தவன். கால் முழுக்கப் புண்.

“அண்ணே, ஒங்க தம்பி போயிட்டாருண்ணே. வாந்திபேதி. நாங்கதான் தூக்கிப் போட்டோம்.”

தேய்த்த தடம் முழு வட்டமாக வர வேண்டும். ஒரு பக்கம் இன்னும் கறுப்பாக இருந்தது. கையை நிறுத்தாமல், “சாப்பிட்டியா?” என்று கேட்டேன். அவன் இல்லையென்று தலையாட்டினான். மூலையில் வைத்திருந்த கிழங்கைக் காட்டினேன். அவன் தின்று முடிப்பதற்குள் வட்டம் முழுசாகிவிட்டது.

மறுநாள் காலையில் புகை இல்லை. அதிகாரி மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். என் கையில் ஒரு சிகரெட்டை வைத்துவிட்டு மலையிறங்கிப் போனான். எனக்குச் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

“பொழைச்சடா லா!” என்றார் கிராணி. சிகரெட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் தம்பி பெண்டாட்டியிடம் போனேன். தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி போட்டிருந்த சரிவில் அவள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

“எப்பவாம்?”

“மழைக்காலத்துல.”

“சரி மாமா” என்றாள். இன்னொரு செடியை அசைத்துப் பிடுங்கி மண்ணைத் தட்டினாள். “ரெண்டு எடுத்துட்டுப் போங்க. நல்லா வெளைஞ்சிருக்கு.”

வாங்கி வந்து வேகவைத்தேன். வீட்டில் உப்பு இல்லை. அப்படியே தின்றேன்.