நான் கொடுத்த லிங்க்

திண்டிவனத்தில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் கேம்களைப் பற்றித் தமிழில் பிளாக் எழுதுகிறேன் என்பதில் எனக்கு எப்போதும் பெருமைதான். ஒருமுறை ஒரு கார் ரேஸ் கேமைப் பற்றி எழுதி, இலவசமாக இறக்கிக்கொள்ள லிங்க்கும் கொடுத்தேன். அதை நான் சோதித்துப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள், பிளாக்கில் இருந்த என் எண்ணுக்கு வளவனூரிலிருந்து செல்வி என்ற வாசகி போன் செய்தார்.

"அக்கா, உங்க லிங்க்ல கேமை இறக்குனேன். வைரஸ் வந்து எதுவுமே தொறக்கலை. தங்கச்சி கல்யாண போட்டோ மொத்தமும் இதுலதான் இருக்கு. அவ அழுதுக்கினு இருக்கா."

"எதையும் தொடாதீங்க, நானே வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் கணவரோடு பஸ் ஏறினேன். சாயங்காலத்துக்குள் அவர் போட்டோக்களை மீட்டுக் கொடுத்துவிட்டார்.

என் தவறை மறைக்காமல் அன்றே பிளாக்கில் எழுதினேன். இனி யாரும் படிக்க வரமாட்டார்கள் என்று பயந்தேன். முதல் கமெண்ட்டே செல்வியுடையது. "வீடு தேடி வந்து சரி பண்ணிக் குடுத்தாங்க. இவங்க எழுதுறதை நம்பலாம்."

இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். இப்போதெல்லாம் எந்த கேமையும், தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே இறக்கி, என் கம்ப்யூட்டரில் முழுதாக ஆடி முடித்த பிறகுதான் லிங்க் கொடுக்கிறேன்.