பேச்சு வைத்தியம்

அவளுடைய கணவனைக் கடையில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். துணி துவைக்கும் இயந்திரம், ஃப்ரிட்ஜ், மிக்ஸி என்று வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை அது. சும்மா விலை கேட்டுப் போகலாம் என்று வந்தவன்கூட அவனிடம் அகப்பட்டால் ஒரு பெட்டியோடுதான் வெளியே போவான். காது கொடுக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் போதும், அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அவள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டுக் கடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள். நாள் முழுக்க ஊரார் வாயோடு புழங்கினாலும் அவள் வாயிலிருந்து எண்ணி நாலு வார்த்தை வந்தால் அதிகம். வாயாடிக்கு வாயில்லாப் பூச்சி, பொருத்தமான ஜோடி என்று கல்யாணத்தின்போது எல்லோரும் சொன்னார்கள். ஒருத்தர் பேச இன்னொருத்தர் கேட்டால் குடும்பம் ஓடிவிடும் என்று அவளும் நம்பினாள்.

ஓடத்தான் செய்தது. ஒரு மகள் பிறந்து பத்தாம் வகுப்புக்கு வரும்வரை ஓடியது. அவனிடம் குடி இல்லை, கை நீட்டும் பழக்கம் இல்லை, வேறு பெண் சகவாசம் இல்லை. அதனால்தான் தனக்கு என்ன குறை என்று அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் அவன் அவளை வைத்துக் கதை சொல்வான். "எங்க வீட்ல பல்லு செய்யறவங்க இருக்காங்க. ஆனா பல்லைக் காட்டத்தான் மாட்டாங்க" என்று ஆரம்பிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் ஒப்புக்குச் சிரித்து வைப்பாள். அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான்.

பொறுக்க முடியாமல் போனது அவளுடைய அப்பா இறந்த கதை. அப்பா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது இரவும் பகலும் பக்கத்தில் இருந்தவள் அவள். உயிர் போன மறுநாள் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது சுவரில் சாய்ந்தவள் அப்படியே சரிந்து, அப்பாவின் காலருகே தலை வைத்துத் தூங்கிப்போனாள். அவளை யாரும் எழுப்பவில்லை. பாவம், தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவன் மட்டும் அதைக் கதையாக்கினான். "வந்தவங்களுக்கு ஒரே குழப்பம். ரெண்டு பேர் படுத்திருக்காங்க, யாருக்கு மாலை போடறதுன்னு தெரியல. அப்புறம் ஒருத்தர் சொன்னாரு, குறட்டை விடாதவருக்குப் போடுங்கன்னு!" முதல்முறை அவன் இதைச் சொன்னபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அந்தக் கதை கல்யாண வீடு, பிறந்தநாள், ரயில் பயணம் என்று எல்லா இடத்துக்கும் போனது. ஒவ்வொரு முறையும் குறட்டை கொஞ்சம் கூடியது.

அவள் பேச்சைக் குறைத்தாள். நாலு வார்த்தை ரெண்டானது, ரெண்டு தலையாட்டலானது. "கல்லுளிமங்கி" என்றான் அவன். கொஞ்ச நாளில் முன்னறை சோபாவில் படுக்க ஆரம்பித்தான்.

விஷயம் அவளுடைய அக்காவின் காதுக்குப் போனது. அக்கா பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவள், எதையும் மூடி வைக்கத் தெரியாதவள்.

"ஏண்டி, எங்க ஆபீஸ்ல ஒருத்தி வக்கீல் வரைக்கும் போயிட்டா. கடைசில ரெண்டு பேரும் கவுன்சலிங் போனாங்க. இப்பப் பாரு, ஒரே வண்டில ஒட்டிக்கிட்டுப் போறாங்க. நீயும் போய்த்தான் பாரேன்."

அவன் கேலி செய்வான் என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள். அவன் உடனே ஒத்துக்கொண்டான். "பேசறதுதானே? பேசிட்டாப் போச்சு!" அந்தச் சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, சென்ட்டும் அடித்துக்கொண்டு கிளம்பினான்.

மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த அறை. மூன்று நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு கடிகாரம். ஆலோசகர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அம்மாள், மென்மையான குரல். யார் முதலில் பேசுகிறீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் அவன் தொடங்கிவிட்டான். எப்படிச் சந்தித்தார்கள், எப்படிக் காதலித்தான், வீட்டில் எப்படி மௌனம் குடியேறியது என்று ஏற்ற இறக்கத்தோடு சொன்னான். பல் ஜோக்கையும் நடுவில் விட்டான். ஆலோசகர் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு அவள் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவளால் வேறு என்ன சொல்ல முடியும்?

வாராவாரம் போனார்கள். ஆலோசகர் நல்ல மனசுள்ளவர், சந்தேகமில்லை. 'நீ இப்படிச் செய்தாய்' என்று குற்றம் சாட்டாதீர்கள், 'எனக்கு இப்படி இருக்கிறது' என்று சொல்லுங்கள் என்றார். ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் பேச வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் சற்று நேரம் செல்போனை எடுத்து வைத்துவிட்டு எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆனது அவனுக்கு. ஒரே மாதத்தில் அந்தப் பாஷையைக் கரைத்துக் குடித்துவிட்டான். அவளோ ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அதில் 'நீங்க' வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

ஒருநாள் லேபிலிருந்து அழைத்துப் போக வருகிறேன் என்றவன் வரவில்லை. யாரோ பழைய சிநேகிதனைப் பார்த்துப் பேச்சில் உட்கார்ந்துவிட்டான். மழையில் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே கேட்டாள்.

"வர்றேன்னு சொல்லிட்டு ஏன் வரல? எவ்வளவு நேரம் நிக்கறது?"

அவன் உள்ளங்கையை உயர்த்தினான். "பாரு, இது குற்றச்சாட்டு. உன் உணர்வைச் சொல்லு."

"நான் நனைஞ்சுட்டேங்க."

"அது தகவல். உணர்வு இல்ல. சரி, நான் சொல்றேன். நீ இப்படி வந்ததும் வராததுமா கேட்கும்போது எனக்கு மனசு வலிக்குது."

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றவள் கடைசியில் மன்னிப்புக் கேட்டாள். எதற்குக் கேட்டோம் என்று துணி மாற்றும்போதுதான் யோசித்தாள்.

அப்படியும் போவதை நிறுத்தவில்லை. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, பாதியில் விட்டால் பழி தன்மேல்தான் விழும் என்ற பயம். ஒருநாள் ஆலோசகர் அவனைப் பேசவே கூடாது என்று உட்கார்த்திவிட்டு, "உங்களுக்கு எது எப்ப உடைஞ்சுதுன்னு மட்டும் சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல" என்றார். கைக்குட்டையைத் திருகிக்கொண்டே அவள் அப்பாவின் கதையைச் சொன்னாள். அவன் சொல்லும் கதையை அல்ல. ஆஸ்பத்திரியில் அப்பா தண்ணீர் கேட்டது, கொடுக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டதால் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தது, தூங்கி விழித்தபோது தன் கன்னம் அப்பாவின் குளிர்ந்த பாதத்தின் மேல் இருந்தது. "இவர் அதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கிறப்போ, எங்கப்பா திரும்பத் திரும்பச் சாகற மாதிரி இருக்கு எனக்கு."

அவன் அழுதான். முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது" என்றான். ஆலோசகரின் கண்களும் கலங்கியிருந்தன.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் கடைசிவரை பொய் என்று சொன்னதில்லை. அவன் சோபாவை விட்டு அறைக்குத் திரும்பினான். காலையில் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் லேபில் நடந்ததைச் சொன்னபோது குறுக்கே விழாமல் கேட்டான். மகள்கூட, "என்னம்மா, ரெண்டு பேரும் புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி இருக்கீங்க" என்று கிண்டல் செய்தாள். அவள் அக்காவுக்கு ஃபோன் போட்டு, "நீ சொன்னது சரிதான்க்கா" என்றாள்.

கடை முதலாளி புது வீடு கட்டி, வேலை செய்பவர்களைக் குடும்பத்தோடு மாலை விருந்துக்கு அழைத்திருந்தார். சாப்பிட்ட தட்டுகளை வைக்க அவள் சமையலறைக்குப் போனாள். கூடத்திலிருந்து கணவனின் குரல் கேட்டது. கதை சொல்லும் குரல். முதலில் அவள் லேசாகப் புன்னகைத்தாள்.

"மாசக்கணக்கா மேடம் கெஞ்சறாங்க, கொஞ்சறாங்க. இவங்க அசையல. கடைசில ஒருநாள் திருவாய் மலர்ந்தாங்க பாரு!" அவன் குரலைத் தாழ்த்தி, இழுத்து இழுத்து, அவளைப் போலவே பேசிக் காட்டினான். "எங்கப்பா... எங்கப்பா..." கைக்குட்டை திருகுவதையும் செய்து காட்டினான் போலிருக்கிறது, பெண்கள் சிரிப்பது கேட்டது. "மேடம் என்னையே பார்க்கறாங்க. நான் அழுதே ஆகணும், வேற வழியில்ல. எனக்கோ கண்ணுல ஒரு சொட்டு வரல. செத்துப்போன எங்க பழைய ஸ்கூட்டரை எல்லாம் நினைச்சு, எப்படியோ வரவழைச்சேன். டிஷ்யூ பெட்டியே காலி!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. அவள் குழாயைத் திறந்து, விருந்துக்கு வந்தவள் கழுவ வேண்டிய அவசியமே இல்லாத தட்டுகளைக் கழுவிக்கொண்டு நின்றாள். அன்று அழுதது நடிப்பா, இல்லை நடித்தேன் என்று இப்போது சொல்வதுதான் நடிப்பா? அது அவனுக்கே தெரியாது என்று அவளுக்குத் தோன்றியது. பொய் சொல்கிறவனை ஒருநாள் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இவனிடம் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஆலோசகரிடம் அவளே முதலில் பேசினாள். கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"மேடம், நான் பெருமையாத்தான் சொன்னேன்" என்றான் அவன். "நம்ம வீட்ல ஒரு நல்லது நடந்திருக்கு, நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னு. அழுகையைப் பத்திச் சொன்னது சும்மா சிரிப்புக்கு."

ஆலோசகர் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார். "அங்க சொன்னது சிரிப்புக்கு. சரி. இங்க அழுதீங்களே, அது?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "நேரம் ஆச்சு போல" என்றான்.

மறுவாரம் அவளை மட்டும் தனியாக வரச்சொன்னார் ஆலோசகர். சுற்றி வளைக்காமல் பேசினார். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா. நல்லாப் பேசறவரு ஒத்துழைக்கறாருன்னு நினைச்சேன். பேசாத உங்களைத்தான் சரிபண்ணணும்னு நினைச்சுட்டேன்."

"இனிமே சரியாகுமா ஆகாதா, அதை மட்டும் சொல்லுங்க."

"ரெண்டு பேருக்கும் வேணும்னா ஆகும். எத்தனையோ பேருக்கு ஆகியிருக்கு. ஆனா அவருக்கு இது ஒரு குறையாவே படலயே."

அவளுக்கு அப்போது வந்த கோபம் கணவன் மேல்கூட வந்ததில்லை. "எங்கப்பா விஷயம் ஒண்ணுதான் எங்கிட்ட பத்திரமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன். நீங்க கேட்டீங்கன்னு எடுத்துக் குடுத்தேன். இப்ப அதுவும் அவர் வாய்ல. வாங்கித் தர முடியுமா உங்களால?"

ஆலோசகர் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் டிஷ்யூ எடுக்காமலே படியிறங்கினாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவன் செல்போனை ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டான்.

"எனக்கு உங்ககூட இருக்கப் பிடிக்கல" என்றாள்.

அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "அது உணர்வு இல்லம்மா. முடிவு" என்றான்.

"ஆமா. முடிவுதான்."

லேபுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு கிடைத்தது. மகளுக்கும் சேர்த்துத்தான் படுக்கை வாங்கிப் போட்டாள். மகள் பெட்டி கட்டவில்லை. கதவுச் சட்டத்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "நான் அப்பாகூடவே இருக்கேன்மா. நீ தப்பா நினைச்சுக்காத. உங்கூட இருந்தா வீடு ரொம்ப அமைதியா இருக்கும். எனக்குப் பயமா இருக்கும்." அவள் சரி என்றாள். சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம். சரி என்றுதான் வந்தது வாயில். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருகிறாள். இருவரும் சேர்ந்து சமைக்கிறார்கள். பொழுது சாயும் முன்பே மகள் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

குளிர்காலத்தில் ஒருநாள் காய்கறிக் கடையில் ஒரு பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ வேலை செய்யும் கடையில் கல்லாவில் உட்காரும் காசாளரின் மனைவி.

"உங்களைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்க்கா. உங்க வீட்டுக்காரர் சொல்லித்தான் நாங்க அந்த மேடம்கிட்ட போனோம். நான் கத்துவேன், இவர் எந்திரிச்சு வெளில போயிடுவாரு, அதுதான் எங்க வீட்ல நித்தமும். இப்ப இவர் உட்கார்றாரு. நானும் கத்தறதில்ல. எங்க கல்யாணத்தையே காப்பாத்திக் குடுத்துட்டாருக்கா அவரு!"

அந்தப் பெண்ணின் முகத்தில் பொய்யில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவளின் முகமாக இருந்தது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"சந்தோஷம்மா" என்றாள்.

"உங்க அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு? அவங்களுக்கு உடம்பு முடியல, பார்த்துக்கத்தான் நீங்க அங்க போய்த் தங்கியிருக்கீங்கன்னு அண்ணன் சொன்னாரு. சொல்லும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

அக்கா குத்துக்கல்லாட்டம் இருந்தாள். நேற்றுக்கூட ஃபோனில் அரைமணி நேரம் திட்டினாள். அவள் ஒரு தக்காளியை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"அக்கா நல்லாத்தான் இருக்கா. நான்தான் அவரை விட்டு வந்துட்டேன்."

காசாளர் மனைவியின் பிடி தளர்ந்தது. "ஐயோ... ஏன்க்கா? நீங்களும் அதே மேடம்கிட்டதானே போனீங்க?"

"அவங்ககிட்டதான்" என்றாள் அவள்.

அந்தப் பெண், வீட்டுக்காரர் வெளியே வண்டியில் காத்திருக்கிறார் என்று ஏதோ சொன்னாள். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். இந்நேரம் கணவனிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பாள். நாளைக்குக் கடை முழுக்கப் பரவிவிடும். ரேடியோ அதற்கும் ஒரு கதை வைத்திருப்பான், அதையும் எல்லோரும் ரசித்துக் கேட்பார்கள். அவள் ஓர் ஆளுக்குப் போதுமான அளவு காய் பொறுக்கிக்கொண்டு தராசுக்குப் போனாள்.