சின்னதுதான், சார்

பழைய சைக்கிள் ஒன்றை ஜெர்மனியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு, எங்கள் கே.ஜி.எஃப்.புக்கு, எடுத்து வந்தேன். கேள்விப்பட்டவர்கள் அத்தனை பேரும் "எதுக்கு?" என்றுதான் கேட்டார்கள். இதைவிட நல்ல சைக்கிள் பக்கத்தில் ஆண்டர்சன்பேட்டைக் கடையிலேயே கிடைக்குமே என்றார்கள். விமானக் கூலி சைக்கிளின் விலையைவிட அதிகம் என்று தெரிந்ததும், எனக்குக் கழன்றுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அப்படி முடிவு கட்டிய ஒருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

காரணம்தான் வேண்டுமென்றால் சொல்கிறேன். கே.ஜி.எஃப்.பில் பாலகாட் என்கிற பகுதியில் நாங்கள் குடியிருந்த லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், பெண் பிள்ளை சைக்கிள் ஓட்டினால் ஊரே வாயில் போட்டு மெல்லும். அண்ணனுக்கு சைக்கிள் இருந்தது. எனக்கு அதன் கேரியர் இருந்தது. முப்பத்தெட்டு வயதில் முதியோர் இல்லத்து நர்ஸாக ஜெர்மனிக்குப் போனேன். காலை டூட்டிக்கு பஸ் கிடையாது என்பதால், பழைய சாமான் விற்கும் கடையில் ஒரு சைக்கிள் வாங்கினேன். ஐந்தடிகூட இல்லாத எனக்குப் பொருந்துகிற சின்ன ஃப்ரேம் அந்தக் கடையில் அது ஒன்றுதான். இல்லத்தின் பின்புறம் குப்பைத் தொட்டிகள் வைக்கும் இடத்தில், யாரும் பார்க்காதபோது ஓட்டிப் பழகினேன். மூன்று தடவை விழுந்தேன். முழங்காலில் தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அப்புறம் ஆறு வருடம், மழையிலும் பனியிலும், அதில்தான் வேலைக்குப் போனேன். யாரையும் கேட்காமல் என் இஷ்டத்துக்கு நான் வாங்கிய முதல் பொருள் அது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்புவது என்று ஆனபோது, அதை அங்கே விட்டுவர மனம் வரவில்லை. இதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது.

விமானம் காலை எட்டு மணிக்குப் பெங்களூரில் இறங்கியது. பெரிய சாமான்கள் வந்து சேரும் மூலையில் என் சைக்கிள் பெட்டி சுவரில் சாய்ந்து நின்றது. அதன் மேல் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி. யாரோ வேலையில்லாமல் கிறுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்து, தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வாசலைப் பார்த்துப் போனேன். அங்கே நின்றவர் குறியைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார். சந்தேகப்பட்ட பெட்டிக்குத்தான் அந்தக் குறி போடுவார்களாம். என்னை ஒரு மேசைப் பக்கம் திருப்பிவிட்டார்.

மேசையில் இருந்த சுங்க அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பாஸ்போர்ட்டைப் புரட்டி, பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு, "கே.ஜி.எஃப்.ஆ?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்தான். ஊர்ப் பெயரைச் சொல்லி அப்படி ஒரு சிரிப்பை வாங்காமல் நான் எங்கேயும் வேலைக்குச் சேர்ந்ததில்லை. கம்பெனி தங்கத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, சுரங்க ஷாஃப்ட்டை மூடிவிட்டு, செடிகூட முளைக்காத சயனைடு மண்மேடுகளை எங்களுக்கு விட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் எங்கள் இடுப்பில் இன்னும் நாலு கட்டி சொருகியிருக்கும் என்றுதான் மற்றவர்களுக்கு நினைப்பு. உங்கள் ஊரிலிருந்து வெளியே போகும், நீங்கள் உள்ளே கொண்டு வருகிறீர்களோ என்று அவர் கன்னடத்தில் கேட்டார். பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஓப்பன் மாடி," என்றார்.

பெட்டியைப் பிரித்தேன். சைக்கிளில் கீறல் விழாமல் இருக்க நான் சுற்றி வைத்திருந்த பழைய துணிகளை அவரே உருவி உருவிக் கீழே போட்டார். அவற்றில் என் உள்பாவாடை இரண்டும் இருந்தன. வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இந்தப் பழைய சைக்கிளுக்கா இவ்வளவு கூலி கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாராவது கொடுப்பார்களா என்றார். நான் கொடுத்தேனே என்றேன். என் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. குனிந்து, ஃப்ரேமின் குழாயை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சின்னானா?"

இங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கன்னடத்தில் சின்ன என்றால் தங்கம். அது எனக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவள் நான். கோலாரில் நாலு வருடம் நோயாளிகளோடு கன்னடத்தில்தான் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் இரண்டு விமானம் மாறி, பொட்டுத் தூக்கம் இல்லாமல் வந்தவள் காதில் அது தமிழாக விழுந்துவிட்டது. எங்கள் ஊர்த் தமிழில் சின்னதை 'ச்சின்ன' என்று அழுத்தித்தான் சொல்வோம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களும் சின்னதைச் சின்ன என்றுதான் சொல்வார்கள். குழாயைத் தட்டிக் கேட்கிறாரே, ஃப்ரேமின் அளவைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஹௌது சார், சின்னதுதான்," என்றேன். ஹௌது என்றால் ஆமாம். போதாததற்கு, "நான் குள்ளம் இல்லையா, எனக்குச் சின்னதுதான் சரியா வரும்," என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தங்கமா என்று கேட்டதற்கு ஆமாம் சார், தங்கம்தான் என்று நான் சொல்லிவிட்டதாக எனக்கு உறைப்பதற்குள் இன்னும் இரண்டு அதிகாரிகள் வந்து நின்றார்கள். நான் சொன்ன சின்ன வேறு, நீங்கள் கேட்ட சின்ன வேறு என்று நான் சொல்லச் சொல்ல, அவர்கள் முகம் இன்னும் இறுகிக்கொண்டே போனது. மூன்று மொழி தெரிந்திருந்து என்ன பிரயோஜனம்? மூன்றிலும் உளறத்தான் முடிந்தது.

ஒரு பெண் அதிகாரி என்னைத் திரை போட்ட அறைக்குக் கூட்டிப் போனாள். கொண்டையை அவிழ்க்கச் சொன்னாள், அவிழ்த்தேன். செருப்பைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கியதோடு நிற்காமல், அவள் கேட்காமலேயே, வாயை அகலமாகத் திறந்துகொண்டு நின்றேன். அவள் ஓர் அடி பின்னால் போனாள். வாயை எதற்குத் திறக்கிறாய், மூடு என்று அதட்டினாள்.

அது என் உடம்பு தானாகச் செய்த வேலை. நைனா, அதாவது என் அப்பா, முப்பது வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும் கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். கையைத் தூக்க வேண்டும், ஒரு கட்டையைத் தாண்டிக் குதிக்க வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும். கடைசியில் காவல்காரன் "ம், போ" என்று சொன்னால்தான் வீட்டுக்கு வரலாம். லைன் பிள்ளைகளான எங்களுக்கு அதுவே விளையாட்டு. ஒருத்தி காவல்காரன், மற்றவர்கள் வரிசையில் நிற்பவர்கள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்த நைனா, நான் கையைத் தூக்கி வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார். நேரே வந்து கன்னத்தில் ஒன்று விட்டார். அவர் என் மேல் கை வைத்தது அந்த ஒரு தடவைதான். எதற்கு அடித்தேன் என்று அவர் சொல்லவில்லை. வளர்ந்த பிறகு புரிந்தது. புரிந்த பிறகு அவர் மேலேயே கோபம் வந்தது. முப்பது வருடத்தில் ஒரே ஒரு நாளாவது அந்தக் காவல்காரன் விரலைக் கடித்து வைத்திருக்கக் கூடாதா?

என்னிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே வந்தால், சைக்கிளை எக்ஸ்ரே மெஷினில் விட்டுப் பார்த்திருந்தார்கள். ஃப்ரேம் வெறும் குழாய்தான். ஆனால் சீட்டைத் தாங்கும் கம்பி குழாய்க்குள் இறங்குகிற இடத்தில், சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. அது என்ன என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. கம்பியை உருவச் சொன்னார்கள். ஆறு வருடத் துருவில் அது இறுகிப்போயிருந்தது, அசையவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கட் மாடி நோடோணா," என்றார். அறுத்துப் பார்த்துவிடலாமாம்.

அதுவரை கட்டிக் காத்த கன்னடம் பறந்துபோய், "அறுங்க! உள்ள ஒண்ணும் இல்லன்னா நீங்களே ஒட்டிக் குடுக்கணும். ஒட்டிக் குடுக்காம நான் இந்த எடத்த உட்டு நகர மாட்டேன்!" என்று கத்தினேன். கத்திவிட்டு, சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். அழுதிருந்தால் இரக்கம் கிடைத்திருக்கலாம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எழுந்திரு என்றார்கள், எழுந்திருக்கவில்லை. போலீஸைக் கூப்பிடுவோம் என்றார்கள், கூப்பிடுங்கள் என்றேன். அப்படியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எங்கிருந்தோ பெரிய ஸ்பேனர் ஒன்று வந்தது. இரண்டு ஆட்கள் ஃப்ரேமைக் காலால் மிதித்துக்கொண்டு கம்பியைப் பிடித்துத் திருகினார்கள். பல் கூசும்படி ஒரு சத்தம். கம்பி வெளியே வந்தது, அதோடு அந்தக் கறுப்புப் பட்டையும் வந்தது.

பீர் டின்னை வெட்டிச் சுருட்டிய தகரம். கம்பி குழாயைவிடக் கொஞ்சம் ஒல்லி போலிருக்கிறது. ஆட்டம் காணாமல் இருக்க, எனக்கு சைக்கிள் விற்ற கடைக்காரன் என்றைக்கோ சொருகியிருக்கிறான். அதிகாரி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "குஜ்ரி," என்றார். எங்கள் பக்கத்தில் காயலான் கடைச் சாமானை அப்படித்தான் சொல்வோம். தகரத்தைக் குப்பைக்கூடையில் போட்டார். தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை? கிடையாது. புறங்கையை அசைத்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். கீழே கிடந்த என் துணிகளை ஒவ்வொன்றாக நானேதான் பொறுக்கினேன். ஃப்ரேம் தப்பித்தது. ஆனால் தகரம் இல்லாத சீட் இனிமேல் நிற்காது, உட்கார்ந்தால் கீழே இறங்கிவிடும்.

வாடகை வேன் பிடித்து, கோலார் வழியாக பாலகாட் வந்து சேர மாலை நாலு மணி ஆகிவிட்டது. நைனா அதே லைன் வீட்டில்தான் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. சுரங்கத்தை மூடிய பிறகு, தினமும் ரயிலில் பெங்களூர் போய் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டியாக இருந்தார். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் திரும்பிப் போகும்போது பையைத் திறந்து பார்த்து அனுப்புவதுதான் அவர் வேலை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எடுக்க மாட்டோம்.

அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த 'சின்ன' விஷயத்தையும் சொன்னேன், உள்பாவாடையையும் சொன்னேன். அவர் எனக்காகக் கோபப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அந்த அதிகாரியை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் போதும். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சீட்டு பைப்ப மட்டுந்தான் அவுத்து பாத்தாங்களா?" என்றார்.

"ஆமா நைனா."

"கைப்புடி பைப்புல கையே வெக்கலயா?"

"மெஷின்ல எல்லாத்தயும்தான் பாத்தாங்க."

"மெஷினு இன்னாத்த காட்டும்," என்றார். எனக்காக வயிறு எரிகிறார் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

காலையில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். வாசல் கதவு சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தது. முன்னறையில் என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஹேண்டில்பாரின் ரப்பர் பிடியை உருவிப் போட்டுவிட்டு, நைனா குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். இன்னொரு கையில் டார்ச்.

"இன்னா நைனா பண்ற?"

அவர் பதறவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார். "எங்க வெச்சிருக்க? நைனாகிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"ஒண்ணும் வெக்கல. வெறும் சைக்கிளு."

"அம்மாந்தூரத்துலேந்து வெறும் சைக்கிள யாராவது எடுத்தாருவாங்களா?" என்று சிரித்தார். "அவுனுங்க கண்ணுல மண்ண தூவிட்டு வந்துட்ட நீ. எனக்கு நேத்தே தெரியும்."

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அப்படி ஒரு சந்தோஷம். நர்ஸ் படிப்பு முடித்து வந்தபோது அது இல்லை. ஜெர்மன் பரீட்சை பாஸ் செய்தபோது இல்லை. நான் திருடிக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்துவிட்டேன் என்று நினைத்தபோதுதான் அது வந்தது. விமான நிலையத்தில் வந்த ஆத்திரமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

டார்ச் வெளிச்சத்துக்கு நேராகப் போய் நின்றேன். இரண்டு கையையும் மேலே தூக்கினேன். கீழே கிடந்த ரப்பர் பிடியைத் தாண்டி ஒரு குதி குதித்தேன். வாயைப் பிளந்தேன். அவரை நோகடிக்க வேண்டும் என்றுதான் செய்தேன், வேறு எண்ணம் இல்லை. கன்னத்தில் விழும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிரிப்பு போய்விட்டது. கம்பியைக் கீழே வைத்தார்.

"நாக்க தூக்கல நீ," என்றார்.

தூக்கினேன். நைனா டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்து, குனிந்து, நாக்குக்கு அடியில் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். அப்புறம் டார்ச்சை அணைத்தார்.

"ம், போ," என்றார்.